கார்ட்டூன் ஆளுக்கு நாலு விரல்

உங்கள் வலது கையில் எத்தனை விரல்கள்?

எண்ணாமலே ஐந்து என்று சொல்லிவிட்டீர்கள். அப்படிச் சொல்ல முடிகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப் வைத்திருக்கும் ஏதாவதொரு தொழிற்சாலையின் வாசலில், ஷிப்டு விடும் நேரத்தில் போய் நில்லுங்கள். எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டிய கைகள் வெளியே வரும். அந்தக் கைகளைப் பற்றிக் கங்கப்பன் ஒரு படம் வரைந்தார். பேர் எடுப்பதற்காக வரையவில்லை, நாலு பேர் சிரிக்கட்டும் என்று வரைந்தார். அதற்காக அவருடைய ஒன்பது வருட வேலையை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த விசாரணையில் அவர் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்தவன் நான். அவர் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. சட்டப் புத்தகம் படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எதற்கும் உதவவில்லை.

கங்கப்பன் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியைச் சேர்ந்தவர். அப்பா கரியப்பன் பண்ணையில் கூலி. பத்து வயதில் கங்கப்பன், பண்ணைக்காரரின் மோட்டார் ரூம் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு படம் போட்டார். எருமை நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறது. பண்ணைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குனிந்து நிற்கிறார். யார் முன்னால் யார் துண்டை இடுப்பில் கட்டுவது என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரியப்பனுக்கு ஆள் போயிற்று. அவர் தன் துண்டாலேயே சுவரைத் துடைத்தார். அது போதாதென்று அறை முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார். மகனை அடிக்கவில்லை.

"சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னாடி எங்கப்பா அதப் பாத்து லேசா சிரிச்சாராம். எங்கம்மா சொல்லுச்சு" என்பார் கங்கப்பன். இதை எத்தனை முறை சொன்னாலும் அந்த 'லேசா'வைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கும்.

ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்தவர், எண்பத்தெட்டில் எங்கள் பிரஸ் ஷாப்பில் நிரந்தரமானார். தொண்ணூற்று நாலில் சாந்தம்மா தன் மெஸ்ஸுக்குக் கேபிள் இழுத்தார். சிப்காட் பின்புறச் சாலையில் தகரக் கூரை போட்ட மெஸ். முதல் ஷிப்டு இரண்டு மணிக்கு விட்டதும் சாப்பிட வருவோம். சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு ஆங்கிலச் சானல் ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு பொம்மைப் படத் தொடர்கள் வரும். குழந்தைகளுக்கானவை அல்ல. அதில் வரும் பொம்மைகள் குடிக்கும், கடன் வாங்கும், மேலதிகாரியைத் திட்டும், பெண்டாட்டியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்று 'மூக்கன்', இன்னொன்று 'கிழவிங்க'.

மூக்கனுக்கு முழ நீள மூக்கு. வாரம் ஒரு வேலையில் சேருவான். கடைசி நிமிஷத்தில் வேலையை விட்டுத் தூக்குவார்கள். அடுத்த வாரம் வேறொரு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பான். கிழவிங்க என்பது முதியோர் இல்லத்தில் இருக்கும் மூன்று கிழவிகளின் கதை. அந்த இல்லத்தின் மேலாளரிடமே திருடுவார்கள். இரண்டையும் எங்களுக்குத் தமிழில் சொன்னவர் ஆஞ்சப்பன். டூல் ரூமில் வேலை, டிப்ளமோ படித்தவர், பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். அவர் மொழிபெயர்ப்பே தனி வேடிக்கை. கிழவிகள் தெலுங்கில் திட்டுவார்கள், போலீஸ்காரர் கன்னடத்தில் மிரட்டுவார், மூக்கன் மட்டும் தருமபுரித் தமிழ் பேசுவான்.

கங்கப்பன் மூக்கன் கட்சி. ஆஞ்சப்பன் கிழவிகள் கட்சி. மூன்று வருஷம் இந்த வழக்கு நடந்தது.

"வாரத்துக்கு ஒரு மொதலாளி வரான், எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. தொப்பிய மட்டும் மாத்தி மாத்தி வரையறான். சோம்பேறிப் பய. இதப் போயி நல்லாருக்குதுங்கறியேணா" என்பார் ஆஞ்சப்பன்.

"எனக்கு நாலு சூப்பர்வைசரு மாறிட்டாங்க. எதுனா வித்தியாசம் தெரிஞ்சுதா ஒனக்கு? அவன் கண்ணால பாத்துட்டுத்தான்டா வரைஞ்சிருக்கான்."

"சரி, இதச் சொல்லு. போன வாரம் உன் மூக்கன் மேல ரோடு ரோலரு ஏறிச்சு. அப்பளமா ஆனான். இந்த வாரம் பூரி மாதிரி உப்பினு நிக்கறான். ஒரு தழும்பு இல்ல. பட்டதுக்கு ஒரு அடையாளம் வாணாமா? எங்க பெரிய கிழவிக்குப் பல்லு போச்சுன்னா போனதுதான். எட்டு மாசமா பொக்கவாயோடதான் வருது. அதான்ணா கதை."

"எனக்கு அதான் புடிச்சிருக்குது. நாள் பூரா பிரஸ் பாத்துட்டு வரேன். இங்கயும் வந்து தழும்பு பாக்கணுமா?"

சாந்தம்மா சாம்பார் வாளியோடு நடுவில் வருவார். "மீச வெச்ச ஆம்பளைங்க பொம்ம பாக்கறீங்க. அதுக்கு சண்ட வேற. சும்னே ஊட்டா மாடி." பேசாமல் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். அவர் கன்னடத்துக்குத் தாவினால் நிஜமான கோபம். இரண்டு கட்சியும் அடங்கிச் சாப்பிடும்.

ஒரு சனிக்கிழமை ஆஞ்சப்பன் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். இரண்டு தொடரிலும் எல்லாருக்கும் கைக்கு நாலு விரல்தான். திரைக்குப் பக்கத்தில் போய் எண்ணிக் காட்டினார்.

"எல்லாரும் பிரஸ் ஷாப்பு ஆளுங்க போலிருக்குது" என்றார் கடைசி பெஞ்சில் இருந்த மாதப்பன். மெஸ் முழுக்கச் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். மாதப்பன் காவேரிப்பட்டினத்துக்காரர், நாற்பது வயது, கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆள். கங்கப்பன் ஓட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பக்கத்துப் பிரஸ்ஸில் வேலை. கம்பெனிப் பேரேட்டில் அவர் பெயர் கிடையாது.

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு கரும்பலகை. தினமும் காலையில் செக்யூரிட்டி பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவார். முந்நூற்று அறுபத்தைந்து வந்தால் நிரந்தரத் தொழிலாளர் எல்லாருக்கும் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். இந்தத் தந்திரத்தைக் கவனியுங்கள். விரல் போனவன் வாயைத் திறந்தால் நானூறு குடும்பத்தின் கேரியர் போகும். நிர்வாகம் மிரட்ட வேண்டியதே இல்லை, நாங்களே ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொள்வோம்.

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் பாகம் இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உற்பத்தி எண்ணிக்கை ஏற வேண்டும் என்றால் ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகிவிடுவார்கள். ஒரு கை அழுத்தும், மறு கை தகட்டைத் தள்ளும். வேகம் கூடும். மரச்சில்லு யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, மாதப்பனின் ஆட்காட்டி விரல் அந்த வேகத்தில் போயிற்று. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் எப்படி நடந்தது என்று கேட்டு எழுதுவார்கள் என்பதால், கான்ட்ராக்டர் அவரை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வேறெங்கோ கொண்டுபோனார். மறுநாள் காலை அந்தப் பிரஸ்ஸுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மரச்சில்லு பொத்தானிலேயே இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு விழுந்திருந்தது. இரும்புக்குக் கண் பட்டதாம். கண் இருந்த மேலாளர்களுக்கு எதுவும் படவில்லை.

வாசல் பலகையில் அன்று 213 என்று இருந்தது.

அன்று டிபன் இடைவேளையில், கேன்டீனில் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. பார்சல் பெட்டியின் பின்புறம், தகட்டில் குறியிடும் பெயின்டால் வரைந்த படம். மூக்கன் பிரஸ் முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். அந்த ஒரே முகத்து முதலாளி, தலையில் எங்கள் கம்பெனியின் மஞ்சள் ஹெல்மெட்டோடு, "உன் அஞ்சாவது விரல் எங்கேடா?" என்று கேட்கிறான். மூக்கன் சொல்கிறான்: "நான் கார்ட்டூன் ஆளுங்க சார். எனக்குப் பொறக்கறப்பவே நாலுதான்." பின்னால் பலகை. அதில் 213.

கை கழுவ வந்தவர்கள் ஈரக் கையோடு நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் இருபது நிமிஷம் தொங்கியிருக்கும். பிறகு செக்யூரிட்டி கழற்றிக்கொண்டு போனார். திங்கட்கிழமை கங்கப்பன் கையில் மெமோ. நிர்வாகத்தை இழிவுபடுத்தியது, நடக்காத விபத்தை நடந்ததாகப் பரப்பியது என்று இரண்டு குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை நீக்கம்.

கங்கப்பனுக்கு லைன் வீட்டில் மனைவி முனிலட்சுமி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வக்கீல் புத்தி என்று எனக்கே பெருமையாக இருந்தது. "இது டி.வி.யில வந்த படம், பாத்துக் காப்பி அடிச்சேன்னு சொல்லிடு. மொதலாளி மூஞ்சி அந்தத் தொடர்ல இருக்கற மூஞ்சிதான். நம்ம ஆளு யாரையும் குறிக்கலன்னு ஆயிடும்."

"காப்பின்னு சொல்லணுமாண்ணா?"

"வேல வேணுமா, வாணாமா?"

அவர் தன் ஐந்து விரலையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, சொல்லிக்கலாம்" என்றார். கரியப்பனின் துண்டை எடுத்து மகன் கையில் கொடுத்தது நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டிரெயினிங் ஹாலில் விசாரணை. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட ஒரு வக்கீல். நிர்வாகத் தரப்பில் பெர்சனல் ஆபீசர் சௌந்தரராஜன். எப்போதும் மெதுவாகப் பேசுவார், நம் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றி விசாரிப்பார், அவர் நல்லவர் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒரு டைப்பிஸ்ட்.

முதல் சாட்சியாக மாதப்பனை அழைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். சௌந்தரராஜன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "இந்தப் பேர்ல நம்மகிட்ட ஆள் யாரும் இல்லீங்களே." இல்லாத ஆளை எப்படிச் சாட்சியாக அழைப்பது என்று அதிகாரி மனுவைத் தள்ளினார். அந்த நேரத்தில் இல்லாத ஆள் வாசலில், அந்தப் பலகைக்குக் கீழே, கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாக எனக்கு அவர் தெரிந்தார். நான் எழுந்து, "அதோ நிற்கிறார்" என்றேன். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. டைப்பிஸ்ட் அதை அடிக்கவும் இல்லை.

ஆக, மிச்சம் இருந்தது ஆஞ்சப்பன்தான். ஆங்கிலம் தெரிந்தவர், இரண்டு தொடரையும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தவர். நாலு நாள் அவரை வைத்துப் பழக்கினேன். "ஆமா, டி.வி.யில வந்துது. அவ்ளோதான் சொல்லணும்." அவரும் தலையாட்டினார். கங்கப்பனுக்காக உயிரையும் கொடுப்பவர்தான்.

"இந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

"மூக்கன் சார். டி.வி.யில வர்றவன்."

"இந்த முதலாளி?"

"அதுவும் டி.வி.யில வர்ற மொதலாளிதான் சார். எல்லா வாரமும் இதே மூஞ்சிதான். தொப்பி மட்டும் மாறும்."

அதிகாரி தலையை ஆட்டினார். டைப்பிஸ்ட் அடித்தார். கங்கப்பன் மேசைக்குக் கீழே என் முழங்காலைத் தொட்டார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். சௌந்தரராஜன் புன்னகையோடு எழுந்தார்.

"நானும் சனிக்கிழமை பார்க்கிறதுண்டு, ஆஞ்சப்பன். பிரமாதமான தொடர். அதுக்கு முன்னாடி வருதே, ஏதோ கிழவிகள், அது சுமார்தான். மூக்கன் எழுதறவனுக்குத்தான் என்ன மூளை பாருங்க. இந்த நாலு விரல் ஜோக்கும் அவனுடையதுதானே?"

ஆஞ்சப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். அவர் முகம் சிவந்தது. அது சாந்தம்மா மெஸ்ஸில் சனிக்கிழமை சிவக்கும் முகம்.

"அது எப்பிடி சார்? அந்த மூக்கன் எழுதறவனுக்கு இது வராது. அங்க எதுவுமே ஒட்டாது சார். வெரலு போனா அடுத்த வாரம் மொளச்சிடும். கிழவிங்க எழுதறவங்களுக்கு வேணா வரலாம். அவங்களுக்கே கஷ்டம். இது பட்டவனப் பக்கத்துல இருந்து பாத்தவன் போட்டது சார். எங்க கங்கப்பண்ணன் சொந்தமாப் போட்டது."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லும்படி டைப்பிஸ்ட் கேட்டார். ஆஞ்சப்பன் அப்போதுதான் தான் சொன்னதைக் கேட்டார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல சார், நான் என்னா சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தார். "பரவாயில்லை, உட்காருங்க" என்று சௌந்தரராஜன் மிக அன்பாகச் சொன்னார்.

நான் கங்கப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். லேசாக.

வெளியே வந்ததும், "கெடுத்துட்டானே" என்றேன். "விடுங்கண்ணா" என்றார் கங்கப்பன். "மூணு வருஷமா பேசறோம். நான் சொன்ன எதையாச்சும் நல்லாருக்குதுன்னு சொல்லியிருக்கானா அவன்? இன்னிக்கிச் சொன்னான்ல."

மூன்று வாரத்தில் வேலை நீக்க உத்தரவு வந்தது. விசாரணை அறிக்கை பதினான்கு பக்கம். படம் யாருடையது என்பதற்குப் பத்துப் பக்கம். படத்தில் இருப்பது உண்மையா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த ஜனவரியில் பலகை 365 ஆயிற்று. சாமியானா போட்டு எல்லாருக்கும் கேரியர் கொடுத்தார்கள். ஆஞ்சப்பன் தன்னுடையதை டைம் ஆபீஸ் ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதில்தான் எனக்குச் சோறு கட்டித் தருகிறாள். வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். பெரியாரைப் படித்தவன், இங்கர்சாலைப் படித்தவன், ஒரு டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கத் துணியவில்லை.

வழக்குச் சேலத்தில் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் பதினொரு வாய்தா. ஓசூரில் வேறு எந்தக் கம்பெனியிலும் கங்கப்பனை எடுக்கவில்லை. ஒரு வாசலில் நேர்காணல்கூட முடிந்தது. பிறகு ஒரு போன் வந்ததாம், அவ்வளவுதான். மூக்கனுக்கு இருந்த அடுத்த வாரம் இவருக்கு வரவில்லை. குடும்பத்தோடு காவேரிப்பட்டினம் போய்விட்டார். வழி காட்டியவர் மாதப்பன். அங்கே மாம்பழ மண்டியில் மாதப்பன் பெட்டி அடுக்குகிறார், கங்கப்பன் பெட்டிகளில் குறி எழுதுகிறார். சீசன் முடிந்தால் இருவருக்கும் வேலை இல்லை.

அந்த ஆங்கிலச் சானல் இந்தி நிகழ்ச்சிகளுக்கு மாறிவிட்டது. மூக்கனும் இல்லை, கிழவிகளும் இல்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சப்பன் பஸ் ஏறிக் காவேரிப்பட்டினம் போகிறார். போன மாதம் நானும் போனேன். வாசலில் முனிலட்சுமி அவரைப் பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பிச் சொன்னார்:

"வந்துட்டாரு சாட்சி சொல்றவரு. காபி குடுத்தா அதுக்கும் உண்மையத்தான் சொல்லுவாரு, சக்கர பத்தலன்னு."

ஆஞ்சப்பன் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "உள்ள வாங்க, வெயில்ல நின்னா எங்களுக்கா புண்ணியம்" என்று முனிலட்சுமியே கூப்பிட்டார். காபியில் சர்க்கரை போதவில்லை. ஆஞ்சப்பன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு அவரும் கங்கப்பனும் ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் பார்க்காத தொடர்களைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். மூக்கன் கட்சி இப்போது கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறது. பட்டது உடம்பில் ஒட்டுவதும் வேண்டும்தான் என்று கங்கப்பன் ஒப்புக்கொண்டார். ஆஞ்சப்பனுக்கு ஜெயித்ததில் சந்தோஷமே இல்லை. "இல்லணா, மொளைக்கறதும் நல்லாத்தான் இருந்துது" என்றார். மாதப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு விரலால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அட்டைப் படம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக் கோப்பில் இருக்கலாம், பாய்லரில் போயிருக்கலாம். பலகை மட்டும் இருக்கிறது. இன்று காலை அதில் 811.

நீங்கள் வேலை செய்யும் இடத்தின் வாசலிலும் அப்படி ஒரு பலகை இருக்கும். நாளைக் காலை ஷிப்டு தொடங்குவதற்குக் கால் மணி முன்னால் போங்கள். அதன் கீழே நின்று உள்ளே போகிறவர்களின் கைகளைப் பாருங்கள். பேரேட்டில் பெயர் இல்லாதவர்களின் கைகளையும் விடாதீர்கள். குறைகிற விரல்களை எண்ணுங்கள். ஒரு சாக்பீஸ் கொண்டுபோய், அந்த எண்ணைப் பலகையில் அவர்கள் எழுதிய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். யார் எழுதியது என்று கேட்பார்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள். நானும் என் வாசலில் எழுதப் போகிறேன். தனியாக எழுதப் பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.